அச்சுக் கேள்விகள்: மலர் ஃபைல் ஏன் இவ்வளவு கனக்கிறது?

கேள்வி: எங்கள் பள்ளியின் நூற்றாண்டு மலரை நானும் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து கோரல்டிராவில் வடிவமைக்கிறோம். ஆசிரியர்கள் படங்களை வைத்து முடிப்பதற்குள் ஃபைல் ஒரு ஜிபியைத் தாண்டிவிட்டது. சேவ் கொடுத்தால் கணினி அப்படியே நின்றுபோகிறது. பிடிஎஃப் எடுத்து, இலவசமாகச் சுருக்கித் தரும் ஓர் இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம். சுருங்கியது, ஆனால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?
- ஒரு தமிழாசிரியை, அருப்புக்கோட்டை

பதில்: டீச்சர், அந்தச் சுருக்கும் தளத்தை முதலில் மறந்துவிடுங்கள். அச்சுக்கு எவ்வளவு வேண்டும் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் திரையில் பார்க்கப் போதுமான அளவுக்கு இறக்கிவிடும். அப்படிப் போன பிக்சல் திரும்ப வராது. நல்லவேளை, கோரல் ஃபைல் உங்களிடம் இருக்கிறது. வேலையை அங்கேதான் செய்ய வேண்டும்.

ஏதாவது ஓர் ஆசிரியரின் படத்தைக் கிளிக் செய்துவிட்டு, ஜன்னலின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள். படம் ஆர்ஜிபியா (திரைக்கான மூன்று நிறம்) சிஎம்ஒய்கேவா (அச்சுக்கான நாலு மை), இப்போது வைத்திருக்கும் அளவில் எத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) என்று அங்கே எழுதியிருக்கும். இப்போதைய செல்போன் படம் பெரும்பாலும் 4000-க்கு 3000 பிக்சல். அதை 3.5 செ.மீ. அகலத்தில் பாஸ்போர்ட் படமாக வைத்தால், அங்கே 2177 டிபிஐ என்று காட்டும். ஆர்ட் பேப்பரில் நல்ல ஆஃப்செட் அச்சுக்கு 300 போதும். அச்சுக்காகப் படத்தைப் புள்ளிகளாக உடைக்கும் ஸ்கிரீன் ஓர் அங்குலத்துக்கு 150 கோடு. படத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் சரி என்பதுதான் எங்கள் தொழிலில் கணக்கு. 2177 வைத்தாலும் அச்சு பிளேட்டில் விழுவது அதே புள்ளிகள்தான்.

3.5-க்கு 4.5 செ.மீ. படத்துக்கு 300 டிபிஐயில் வேண்டியது 413-க்கு 531 பிக்சல், அதாவது சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம். நீங்கள் வைத்திருப்பது 1 கோடியே 20 லட்சம். போனில் அந்தப் படம் நாலு எம்பி என்று காட்டும், அதை நம்பாதீர்கள். அது ஜேபெக்காக மடித்து வைத்த அளவு. திறந்தால் பிக்சலுக்கு மூன்று பைட் வீதம் 36 எம்பி, சிஎம்ஒய்கேவாக மாற்றினால் 48. நூறு ஆசிரியர் படம் என்றால் உங்கள் கணினி என்ன பாடுபடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அளவைச் சரிசெய்த பிறகு ஒரு படம் ஒரு எம்பி கூட வராது.

பிட்மேப்ஸ் மெனுவில் ரீசாம்பிள் போய் 300 என்று கொடுங்கள். அங்கே 'மெயின்டெய்ன் ஒரிஜினல் சைஸ்' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பிக்சல் எல்லாம் அப்படியே இருக்கும், படம் மட்டும் பக்கத்தில் பெரிதாகி நிற்கும். பலர் இங்கேதான் குழம்பி விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, பவர்கிளிப், அதாவது படத்தை ஒரு வடிவத்துக்குள் அடைத்துக் காட்டும் வசதி. குரூப் போட்டோவைக் கொண்டுவந்து, ஒருவர் முகம் மட்டும் தெரியும்படி வட்டத்துக்குள் போடும் பழக்கம் எல்லா டிடிபி சென்டரிலும் உண்டு. வெளியே தெரியாத மற்றவர்களும் ஃபைலுக்குள் முழுசாக உட்கார்ந்திருப்பார்கள். அதே ஆளை நாலு பக்கத்தில் வைத்தால் நாலு தடவை. படத்தை முன்பே வேண்டிய அளவுக்கு வெட்டி, அப்புறம் பவர்கிளிப்பில் போடுங்கள். புதிதாகக் கொண்டுவரும் படங்களுக்கு இம்போர்ட் பட்டனிலேயே 'கிராப் அண்ட் லோட்', 'ரீசாம்பிள் அண்ட் லோட்' இரண்டும் இருக்கின்றன.

மறைந்த ஆசிரியர்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கலரில் ஸ்கேன் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கறுப்பு மையில் மட்டும் அச்சாகும் பக்கங்களுக்கு அவற்றை கிரேஸ்கேல் (நிறமில்லாத, கறுப்பின் சாயல்கள் மட்டும் உள்ள படம்) ஆக்கிவிடுங்கள். சிஎம்ஒய்கேயில் நாலு பைட் பிடிக்கும் இடத்தில் ஒன்றுதான் பிடிக்கும். நாலு மையில் கறுப்பு வெள்ளைப் படம் அடித்தால், ஒரு மை கொஞ்சம் தூக்கினாலும் முகம் பச்சையோ செம்மையோ பாய்ந்துவிடும். அந்தக் குடும்பத்தார் மலரைத் திறந்ததும் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான். அதில் நிறம் மாறக் கூடாது.

இவ்வளவு சொன்னாலும் ஒரு படத்தில் கைவைக்காதீர்கள் என்பேன். 1950களில் மரத்தடியில் வரிசையாக நிற்கவைத்து எடுத்த குரூப் போட்டோ எப்படியும் உங்கள் பள்ளியில் இருக்கும். அதில் ஒவ்வொரு முகமும் கடுகளவுதான். 15 செ.மீ. அகலப் பிரதியை 30 செ.மீ. அகலத்துக்குப் பெரிதாக்கி அச்சிடப் போகிறீர்களானால், 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால்தான் அச்சில் 300 நிற்கும். டிஃப் (TIFF) என்ற வகை ஃபைலாக, எல்இசட்டபிள்யூ (LZW) சுருக்கம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பிக்சல்கூட இழப்பில்லை. ஜேபெக்காக வைத்துத் திருத்தித் திருத்தி சேவ் செய்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். அந்த ஒரு படத்துக்கு எத்தனை எம்பி ஆனாலும் கொடுக்கலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரிஜினல் படங்கள் எல்லாவற்றையும் தனி ஃபோல்டரில் போட்டு, இன்னொரு டிஸ்கிலும் பிரதி எடுத்துவிடுங்கள். வெட்டுவது, குறைப்பது எல்லாம் பிரதியில்தான். அடுத்த மலர் போடுகிறவர்களுக்கு அந்த ஃபோல்டர் வேண்டும்.

கேள்வி: இன்டிசைனில் செய்த 96 பக்க நூல். ஃபைல் சின்னதாகத்தான் இருந்தது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். படமே இல்லை என்று அச்சகத்தில் திருப்பிவிட்டார்கள். என் கணினியில் நன்றாகத் தெரிகிறதே?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கணினியில் படங்கள் இருக்கின்றன, அதனால் தெரிகிறது. இன்டிசைன் படத்தைப் பொதுவாகத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, திரைக்கு மங்கலாக ஒரு முன்னோட்டம் காட்டும். ஃபைல் சின்னதாக இருந்ததற்கும் அதுதான் காரணம். ஃபைல் மெனுவில் பேக்கேஜ் கொடுங்கள். படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் வந்து சேரும். அந்த ஃபோல்டரை முழுசாகக் கொடுங்கள். அதற்கு முன் லிங்க்ஸ் பேனலில், படம் காணவில்லை என்று காட்டும் சிவப்புக் குறி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிடிஎஃப்பாகக் கொடுப்பதாக இருந்தால் 'பிரஸ் குவாலிட்டி' எடுத்துக்கொள்ளலாம். 450 டிபிஐக்கு மேல் உள்ள கலர், கிரேஸ்கேல் படங்களை அதுவே 300-க்கு இறக்கிவிடும், அதற்குக் குறைந்தவற்றின் டிபிஐயை மாற்றாது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஃபோட்டோஷாப்பில் 300 டிபிஐ ஆக்கினேன். அட்டையில் மங்கலாகவே வந்தது. ஏன்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளப் பக்கத்தில் 1600 பிக்சல் அளவுக்கு இறங்கிவிடும். 300 கணக்கில் அது பதின்மூன்றரை செ.மீ.க்குத்தான் தாங்கும். உள்பக்கத்தில் சின்னதாக வைக்கலாம், அட்டைக்கு ஆகாது. நீங்கள் 300 ஆக்கியபோது ஃபோட்டோஷாப் புதுப் பிக்சல்களைப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நிரப்பியது, அவ்வளவுதான். இல்லாத கண்ணிமையை அதனால் வரைய முடியாது. படம் எடுத்தவரிடம் திரும்பக் கேளுங்கள், இந்தத் தடவை டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் ஒரிஜினல் அப்படியே வரும்.