மொபைல் காட்டாமல் ஒன்றரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு சமையல், சாப்பாடு, குளியல் எல்லாம் முடிப்பது எப்படி?

கேட்டவர் சொல்லும் நிலைமை இது. சென்னையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், ஒன்றரை வயதுப் பையன், பகலில் அவனோடு ஒருவர் மட்டும். குக்கர் வைக்கப் போனால் காலைக் கட்டிக்கொள்கிறான், ஊட்ட உட்கார்ந்தால் வாயை இறுக்கிக்கொள்கிறான், குளிக்க வைத்தால் அலறுகிறான். மூன்றுக்கும் மொபைல்தான் கைகொடுக்கிறது. அதை நிறுத்த வேண்டும், வீட்டு வேலையும் நடக்க வேண்டும்.

முடியும். ஆனால் மொபைலுக்குப் பதில் இன்னொரு வேடிக்கையைத் தேடினால் முடியாது. எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் பாட்டுப் பாடும் பொம்மை சில நிமிஷத்துக்கு மேல் தாங்காது. இந்த வயதுக் குழந்தைக்கு வேண்டியது இரண்டு: நீங்கள் இருக்கும் இடத்தில் தானும் இருக்கணும், நீங்கள் செய்யும் வேலையில் ஒரு துண்டு தன் கையிலும் இருக்கணும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஏற்பாடுதான். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஊரில் இருக்கும் பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதற்கு இதை நினைத்துப் பயப்பட வேண்டாம். எதிரில் இருப்பவர் குழந்தைக்குப் பதில் பேசுகிறார், அது வேறு.

முதலில் சமையல். அதை அடுப்பு வேலை, தரை வேலை என்று இரண்டாகப் பிரியுங்கள். கத்தி பிடித்து நறுக்க வேண்டியதை முதல் நாள் ராத்திரியே, குழந்தை தூங்கிய பிறகு, நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் மீதி இருக்கும் தரை வேலையைக் குழந்தையோடு உட்கார்ந்து முதலில் செய்யுங்கள். அடுப்பு வேலை அதற்குப் பிறகு, ஒரே மூச்சில் இருபத்தைந்து முப்பது நிமிஷம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எழுந்தவுடன் அடுப்படிக்கு ஓடிவிட்டு, முடித்த பிறகு குழந்தையோடு உட்காரலாம் என்று நினைக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் அது காலைக் கட்டிக்கொள்கிறது. கால் மணி நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு எழுந்து போனால் அதே குழந்தை பெரும்பாலும் விட்டுவிடும்.

தரை வேலைக்குக் கீரையை மிஞ்சியது எதுவும் இல்லை. ஒரு கட்டு முளைக்கீரையோ அரைக்கீரையோ எடுத்து, மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிடுங்கள். குழந்தை எப்படியும் ஒரு இலையை வாயில் வைக்கும், அதனால் ஆய்வதற்கு முன்பே அலசுவது நல்லது. தரையில் பழைய வேட்டியை விரித்து நடுவில் இரண்டு கிண்ணம். ஐந்தாறு தண்டை மட்டும் குழந்தை முன்னால் போடுங்கள். கட்டு முழுவதையும் வைத்தால் வாரி இறைக்கத்தான் தோன்றும். "இலை இதுல, தண்டு அதுல" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் ஆயுங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து இலையைக் கிள்ளுவது இந்த வயதுக்கு நல்ல கைவேலை. தண்டு இலைக் கிண்ணத்தில் விழுந்தால் திருத்தாதீர்கள், பிறகு நீங்கள் பொறுக்கிக்கொள்ளலாம். முருங்கைக்கீரை உருவுவது, பீன்ஸைக் கையால் ஒடிப்பது, சப்பாத்தி மாவில் ஒரு எலுமிச்சை அளவு உருண்டையைத் தட்டுவது எல்லாம் இதே போலத்தான். பூண்டும் பச்சை மிளகாயும் இந்தக் கூட்டத்தில் வேண்டாம், அந்தக் கை கண்ணுக்குப் போகும். பருப்பு, கொண்டைக்கடலை, பட்டாணி அளைய விடுவதும் வேண்டாம். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது இது. அளைய ஏதாவது வேண்டுமென்றால் தாம்பாளத்தில் இரண்டு கைப்பிடி ரவை போதும்.

அடுப்பு எரியும்போது குழந்தை சமையலறைக்கு வெளியே இருக்கணும், ஆனால் உங்கள் முகம் தெரியணும். கதவில்லாத வாசலாக இருந்தால் கம்பித் தடுப்பு ஒன்று வாங்கிப் போடுங்கள். பொம்மைக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாலே நாலு பொருள்: இட்லித் தட்டும் அதன் ஸ்டாண்டும், மூடி லேசாகக் கழன்று வரும் எவர்சில்வர் டப்பா, டபரா டம்ளர், மரக்கரண்டி. இவை சமையல் நேரத்தில் மட்டும் வெளியே வரணும், மற்ற நேரத்தில் கண்ணில் படக்கூடாது. தினமும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இட்லித் தட்டைக் கழற்றி மாட்டுவதில் ஒரு குழந்தை செலவழிக்கும் நேரம் ஆச்சரியமாக இருக்கும். நீங்கள் வாயை மூடாமல் பேசிக்கொண்டே இருங்கள். "இப்ப கடுகு வெடிக்கும் பாரு", "இப்ப விசில் வரும், காதைப் பொத்திக்கோ". முன்கூட்டியே சொன்னால் விசில் சத்தத்துக்கு மிரளும் குழந்தையும் அதற்காகக் காத்திருக்கத் தொடங்கும்.

இடுப்பில் வைத்துக்கொண்டு தாளிக்கவே கூடாது. கொதிக்கும் ரசத்தையும் சாம்பாரையும் பின் அடுப்பில் வையுங்கள், வாணலிக் காது மேடை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். ஒருவேளை சுட்டுக்கொண்டால், ஓடும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டணும். பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் தடவக்கூடாது. சென்னையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல், மே மாத மதியத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே கொதிக்கும். அப்போது கேன் தண்ணீரையோ நிழலில் பிடித்து வைத்த தண்ணீரையோ தொடர்ந்து ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம்.

கீழ் அலமாரியில் இருக்கும் பினாயில், ஆசிட், எறும்புச் சாக்பீஸ், கொசு லிக்விட் பாட்டில் எல்லாம் மேலே ஏறட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தோன்றாதது கற்பூரம். பார்க்கக் கற்கண்டு மாதிரி இருக்கும், பெரும்பாலும் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். சின்னக் குழந்தைக்கு ஒரு வில்லையே வலிப்பை உண்டாக்கக்கூடும், அதுவும் சில நிமிஷங்களில். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராக ஆஸ்பத்திரி. ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரியும் அப்படியே. உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். அடுத்து பக்கெட். மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் பிடித்து டிரம்மிலும் பக்கெட்டிலும் நிரப்பி வைக்கும் ஊர் இது. எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் இந்த வயதுக் குழந்தையால் தலையைத் தூக்கி எழ முடியாது, சாண் ஆழத் தண்ணீரே போதும். மூடி போடுங்கள், பாத்ரூம் கதவுக்கு உயரத்தில் ஒரு கொக்கி வையுங்கள்.

சாப்பாட்டில் அவசரப்படுவதற்கு முன் ஒரு கணக்கு. முதல் வருஷத்தில் குழந்தை பிறந்த எடையைப்போல் மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருஷம் முழுக்கக் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். "முன்னாடி நல்லா சாப்பிட்டான், இப்ப தொடவே மாட்டேங்கறான்" என்று சென்னை முழுக்க அம்மாக்கள் கவலைப்படுவதில் பாதி இதுதான். மீதிப் பாதி பால். ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு 400, 500 மில்லிக்கு மேல் போனால் வயிற்றில் சோற்றுக்கு இடம் இருக்காது, இரும்புச்சத்தும் குறையும். நாலு பாட்டில் பால் குடிக்கும் குழந்தையிடம் பருப்பு சாதத்தோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. முதலில் பாட்டிலைக் குறையுங்கள். இடையில் கொடுக்கும் பிஸ்கட்டும் கணக்கில் சேரும்.

திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தை மென்று தின்பதில்லை, வயிறு நிறைந்ததையும் கவனிப்பதில்லை. காக்காவைக் காட்டி ஊட்டுவது அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை என்றாலும், கவனம் வேறெங்கோ இருக்கும்போது வாயில் தள்ளுவது என்பதில் இரண்டும் ஒன்றுதான். காக்காவுக்குச் சோறு வைப்பதைச் சாப்பிட்டு முடித்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கள், அருமையான பழக்கம்.

நடைமுறை இதுதான். கீழே துணி விரித்து, நீங்களும் உங்கள் தட்டோடு எதிரில் உட்காருங்கள். குழைத்த பருப்பு சாதம் ஊட்டுபவருக்கு வசதி, குழந்தைக்கு அதை எடுத்துச் சாப்பிட முடியாது. அதனால் கையில் பிடிக்கக்கூடியது ஒன்று தட்டில் இருக்கணும்: விரல் அகலத்துக்கு நறுக்கிய இட்லி, மெத்தென்ற தோசைத் துண்டு, நன்றாக வேகவைத்த கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஆம்லெட். சாதமென்றால் நெய் விட்டுப் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக வையுங்கள். முதலில் மூன்று நாலு டேபிள்ஸ்பூன் அளவு மட்டும், கேட்டால் மறுபடி. அது ஒரு கையால் தானே தின்னட்டும், நடுநடுவே நீங்கள் ஒரு வாய் கொடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். கெஞ்சல், மிரட்டல் ரெண்டும் வேண்டாம். அடுத்த சாப்பாடு இரண்டரை, மூன்று மணி நேரம் கழித்து, நடுவில் தண்ணீர் மட்டும். என்ன, எப்போது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. முதல் சில நாள் நிச்சயம் குறைவாகத்தான் சாப்பிடும், பசி தெரிய நாளாகும். எடை இறங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வெளிறிப்போய்ச் சோர்ந்திருந்தாலோ மட்டும் காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நிலக்கடலை, முழுச் சுண்டல், பாப்கார்ன், முறுக்கு, தட்டை இவற்றை நாலைந்து வயது வரை தள்ளி வையுங்கள். கொலுவுக்குப் போன வீட்டில் கையில் கொடுக்கும் சுண்டலையும் மசித்துத்தான். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கணும், நுங்கைத் தோல் நீக்கி மசிக்கணும். ஓடிக்கொண்டே சாப்பிடும் பழக்கம் வந்துவிட்டால் இத்தனை கவனமும் வீண்.

குளியலில் அலறும் குழந்தைகளில் பலருக்குத் தண்ணீர் பிரச்சினையே இல்லை, தலையில் ஊற்றுவதுதான் பிரச்சினை. அதனால் பாதத்திலிருந்து தொடங்குங்கள். ரப்பர் மேட் மேல் உட்கார வைத்து, ஒரு சின்ன டம்ளரைக் கையில் கொடுத்து, தன் முழங்காலில் தானே ஊற்றிக்கொள்ளட்டும். தலை கடைசியில். வாரம் இரண்டு மூன்று தடவை ஷாம்பூ போதும். கண்ணுக்கு மேல் மடித்த ஈரத்துண்டை வைத்து, முகத்தை மேலே தூக்கச் சொல்லி, பின்பக்கமாக ஊற்றுங்கள். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடு உறைக்கக் கூடாது. "அஞ்சு நிமிஷத்துல எழுந்திரிக்கணும்" என்றால் அதற்குப் புரியாது. "இன்னும் ரெண்டு டம்ளர் ஊத்திட்டு எழுந்துக்கலாம்" என்றால் புரியும். வெயில் காலத்தில் இரண்டு வேளை குளிக்கலாம், சோப்பு ஒரு வேளைக்குத்தான். போர் தண்ணீரில் சோப்பு சரியாகப் போகாமல் தோல் வறளும். வேர்க்குருவுக்குப் பவுடரைக் கொட்டாதீர்கள், தூள் மூச்சில் போகும். மெல்லிய பருத்திச் சட்டையும் ஃபேன் காற்றும் போதும். சாம்பிராணிப் புகையும் குழந்தையின் மூச்சுக்கு நல்லதில்லை, தலையைத் துண்டால் துவட்டினாலே காய்ந்துவிடும். நடுவில் கூரியர்காரர் பெல் அடித்தால் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள், ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள்.

மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். குளியல் பத்து நிமிஷ விஷயம், அதில் முதலில் மொபைலை எடுங்கள். பிறகு சமையல், கடைசியாகச் சாப்பாடு. போன் ஃபிரிட்ஜ் மேலே, கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும், உங்களுடையதும்தான். முதல் சில நாள் அழுகை கூடும். இதுவரை பலித்ததை இன்னும் சத்தமாகக் கேட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். இருபது நிமிஷம் அழவிட்டுப் பிறகு கொடுத்தால், இருபது நிமிஷம் அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். அதைவிட ஆரம்பத்திலேயே கொடுத்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "போன் வேணும்னு கோவமா இருக்கா தங்கம்" என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள், போனை மட்டும் எடுக்காதீர்கள். வார இறுதியில் வரும் தாத்தா பாட்டியிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.

சாயங்காலம் வெயில் இறங்கி, கடல் காற்று வீசத் தொடங்கியதும் மொட்டை மாடியோ பக்கத்துக் கார்ப்பரேஷன் பூங்காவோ, முக்கால் மணி நேரம் ஓட விடுங்கள். பகல் தூக்கத்தையும் சேர்த்து இந்த வயதுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது குறைந்தால் மேலே சொன்ன எதுவும் எடுபடாது.

மொபைலை நிறுத்தும் இந்த நாட்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒன்றரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, அர்த்தத்தோடு சில வார்த்தையாவது சொல்கிறதா என்று. இவற்றில் ஏதாவது இல்லையென்றால் மொபைல்தான் காரணம் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். குழந்தை டாக்டரிடமோ எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலோ காட்டி, காதையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.