பைத்தானில் எல்டிஏபி ஸ்கீமாவை ஒருமுறை ஏற்றி எல்லா இணைப்புகளுக்கும் பகிர்வது எப்படி?

எதிரே ஆக்டிவ் டைரக்டரி (மைக்ரோசாஃப்டின் பயனர் விவரச் சர்வர்), இந்தப் பக்கம் எல்டிஏபி நெறிமுறையில் அதோடு பேசும் பைத்தானின் எல்டிஏபி3 லைப்ரரி. ஸ்கீமா என்பது அந்தச் சர்வரில் எந்தெந்தப் பண்புகள் உண்டு, அவை என்ன வகை என்ற வரையறைகளின் தொகுப்பு. சர்வர் ஆப்ஜெக்டை ஒன்றே ஒன்றாக வைத்துப் பகிர்ந்தும் ஒவ்வொரு இணைப்பும் தாமதமாகிறது என்கிறீர்கள். டைரக்டரி சர்வரைக் குறை சொல்லும் பதில்கள் இதற்குள் வந்திருக்கும். அதன் மேல் தவறில்லை. எல்டிஏபி3-இல், சர்வரிடமிருந்து எந்தத் தகவலை முதலில் இறக்குவது என்று சொல்லும் 'கெட்_இன்ஃபோ' அமைப்பின் இயல்பு மதிப்பே 'ஸ்கீமா'தான். சர்வர் ஆப்ஜெக்ட் பொதுவாக இருந்தாலும், ஒவ்வொரு புதிய இணைப்பும் பைண்ட் ஆனதும் (சர்வரில் உள்நுழைந்ததும்) ஸ்கீமாவை மறுபடி கேட்டு வாங்கும். ஆக்டிவ் டைரக்டரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்பு வரையறைகள் உண்டு. அத்தனையும் ஒவ்வொரு முறையும் இறங்கி, பிரித்துப் படிக்கப்படுகிறது.

லாகினில் பாஸ்வேர்ட் சரியா என்று பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் உங்களுக்கு ஸ்கீமாவே தேவையில்லை. கெட்_இன்ஃபோவை 'நன்' (எதையும் இறக்காதே) என்று வைத்துவிடுங்கள், முடிந்தது.

தேடல், திருத்தம் எல்லாம் உண்டு என்றால் அப்படி வெறுமனே அணைக்கக் கூடாது. "அணைத்தால் போதுமே, எதற்கு இவ்வளவு" என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்பதால் காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்கீமா இருக்கும்போது ஒற்றை மதிப்புள்ள பண்பு தனி மதிப்பாக வரும். இல்லாதபோது பட்டியலாக வரும். பதிவு உருவான நேரத்தைச் சொல்லும் 'வென்கிரியேட்டட்' ஸ்கீமாவோடு தேதி ஆப்ஜெக்டாகக் கிடைக்கும். இல்லையென்றால் பட்டியலுக்குள் ஒரு சரம். பதிவின் தனி அடையாளமான 'ஆப்ஜெக்ட்ஜியுஐடி' படிக்கக்கூடிய வடிவில் வராமல் பெரும்பாலும் வெறும் பைட்டுகளாக நிற்கும். ஆகவே அணைத்த அன்று வேகம் கூடியதுபோல் தெரியும், தேதியைக் கழித்துப் பார்க்கும் ஏதோ ஒரு வரி பிறகு உடையும்.

சரியான வழி இது. முதலில் ஒரு சிறு ஸ்கிரிப்டில் கெட்_இன்ஃபோவை 'ஸ்கீமா' என்று வைத்து, சேவைக் கணக்கால் பைண்ட் செய்து, 'சர்வர்.ஸ்கீமா'வின் 'டு_ஃபைல்' முறையால் ஜேசன் கோப்பாக எழுதுங்கள். பெயரில்லா இணைப்பில் இதைச் செய்யாதீர்கள். ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக ரூட் டிஎஸ்இ-யை (சர்வர் தன்னைப் பற்றிச் சொல்லும் பதிவை) மட்டும்தான் பெயரில்லாமல் படிக்க விடும்; ஸ்கீமா வெறுமையாக நிற்கும். கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு பெயர் மாற்றுங்கள். பாதி எழுதிய ஜேசனை வேறொரு புராசஸ் திறந்துவிடக் கூடாது.

சேவை எழும்போது 'ஸ்கீமாஇன்ஃபோ.ஃப்ரம்_ஃபைல்' மூலம் அந்தக் கோப்பை ஒருமுறை படியுங்கள். சர்வர் ஆப்ஜெக்டைக் கெட்_இன்ஃபோ 'நன்' என்று உருவாக்கி, 'அட்டாச்_ஸ்கீமா_இன்ஃபோ' மூலம் படித்ததை ஒட்டுங்கள். இனி பைண்ட் எதையும் இறக்காது, மதிப்புகள் மட்டும் ஸ்கீமாவின்படியே வடிவம் பெறும். பல புராசஸ்கள் ஓடினால் ஒவ்வொன்றும் எழும்போது ஒருமுறை கோப்பைப் படிக்கும், அவ்வளவுதான். சர்வர் ஆப்ஜெக்டைத் திரெட்டுகளுக்கிடையே பகிரலாம், இணைப்பை அப்படிப் பகிரக் கூடாது. இயல்பான 'சிங்க்' முறை திரெட்டுகளுக்கு ஏற்றதல்ல. திரெட்டுக்கு ஓர் இணைப்பு வையுங்கள், அல்லது 'சேஃப்_சிங்க்' எடுங்கள். பின்னதில் ஒவ்வொரு அழைப்பும் நான்கு உறுப்புள்ள டூப்பிளைத் திருப்பித் தரும், பழைய கோடைத் தொட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. ஸ்கீமா ஃபாரஸ்ட் (டொமைன்களின் தொகுப்பு) முழுமைக்கும் ஒன்று, அதற்குள் எந்த டொமைன் கன்ட்ரோலரில் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வரில்) எடுத்த கோப்பும் மற்றவற்றுக்குப் பொருந்தும். 'சர்வர்.இன்ஃபோ' அப்படியல்ல. அதில் அந்தந்தக் கன்ட்ரோலரின் பெயரும் அந்த நேரத்து நிலவரமும் இருக்கும், அதைக் கோப்பாக்கிப் பகிராதீர்கள். 'நன்' வைத்தபின் அது காலியாகவே இருக்கும் என்பதால், தேடலின் அடித்தள டிஎன்-ஐ (தேடலைத் தொடங்கும் பதிவின் முழுப் பெயரை) அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தால் இனி அமைப்புக் கோப்பில் எழுதிவையுங்கள்.

கோப்பு பழசானால் என்ன ஆகும்? நிர்வாகி புதுப் பண்பு ஒன்றைச் சேர்க்கிறார். உங்கள் தேடல் அதைக் கேட்கிறது. சர்வருக்குப் போகும் முன்பே, பண்புப் பெயர்களை ஸ்கீமாவோடு ஒப்பிடும் 'செக்_நேம்ஸ்' சோதனை 'எல்டிஏபிஆட்ரிபியூட்எரர்' எறிகிறது. பண்பு சர்வரில் இருக்கிறதே என்று பலரும் குழம்புவது இங்கேதான். உடனே செக்_நேம்ஸை அணைப்பது மருந்தல்ல. நாளை எழுத்துப்பிழையான பண்புப் பெயர் ஒன்று சத்தமில்லாமல் வெற்று விடை தரும், கண்டுபிடிக்கவே முடியாது. லைப்ரரியோடு வரும் 'ஆஃப்லைன்_ஏடி_2012_ஆர்2' ஸ்கீமாவிலும் இதே சிக்கல்: உங்கள் நிறுவனம் சேர்த்த பண்புகள் அதில் இருக்காது. சோதனைகளுக்கு நல்லது, உண்மையான சேவைக்கு வேண்டாம்.

புதுப்பிக்க, சப்ஸ்கீமா பதிவின் (சர்வரில் ஸ்கீமா இருக்கும் பதிவின்) 'மாடிஃபைடைம்ஸ்டாம்ப்' என்ற, கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் பண்பை மட்டும் கேட்டு, கோப்போடு சேமித்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். அந்தப் பதிவு ஆக்டிவ் டைரக்டரியில் ஸ்கீமா கன்டெய்னருக்குக் கீழே 'அக்ரிகேட்' என்ற பெயரில் இருக்கும். அதன் டிஎன்-ஐயே அடித்தளமாகக் கொடுத்து, ஸ்கோப்பை 'பேஸ்' (அந்த ஒரு பதிவு மட்டும்) என்று வையுங்கள். வாடிக்கை நிரல்கள் ஸ்கீமாவைச் சேமித்து வைத்துக்கொள்ள உதவத்தான் சர்வர்கள் இந்த நேரமுத்திரையைத் தர வேண்டும் என்று 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4512 என்ற எல்டிஏபி தர ஆவணம் சொல்கிறது. விண்டோஸில் டைரக்டரியை அணுக உள்ள ஏடிஎஸ்ஐ இடைமுகமும் இதே வழியில்தான் ஸ்கீமாவைக் கணினியில் வைத்துக்கொள்கிறது. ஓப்பன்எல்டிஏபி என்ற வேறொரு டைரக்டரி சர்வரில் இந்த நேரம் சர்வர் எழுந்த நேரம். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு தேவையின்றி ஒருமுறை இறக்குவீர்கள், அதனால் கெடுதல் இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இதே கோடை நகலெடுப்பவர்கள் பலர். இணைப்பை மறையாக்கம் செய்யும் 'யூஸ்_எஸ்எஸ்எல்' என்று மட்டும் எழுதிவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்புகிறார்கள். எல்டிஏபி3-இல் சான்றிதழைச் சரிபார்க்காமல் விடுவதே இயல்பு. நடுவில் உட்கார்ந்திருக்கும் எவரும் டொமைன் கன்ட்ரோலராக நடித்து உங்கள் பயனர்களின் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டாமா? டிஎல்எஸ் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, 'வாலிடேட்' மதிப்பை 'செர்ட்_ரிக்வயர்ட்' ஆக்கி, உங்கள் நிறுவனத்தின் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) கோப்பைக் கொடுத்து, அதைச் சர்வர் ஆப்ஜெக்டுக்கு அனுப்புங்கள்.