கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல், குறுஞ்செய்திகளை மட்டும் வைத்து வழக்கில் வெல்ல முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுத்தீர்கள், விலை, காலக்கெடு, இடையில் சேர்ந்த கூடுதல் வேலை எல்லாம் குறுஞ்செய்தியிலேயே பேசி முடிவாயின, இப்போது பணம் கேட்டால், அது வெறும் பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் ஏற்படவே இல்லை என்கிறார்கள். வணிக வழக்குகளுக்கான ஆவணங்களைத் தொகுத்து வழக்கறிஞர்களிடம் கொடுப்பது என் பணி. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாட்டுச் சட்டத்தை அங்குள்ள வழக்கறிஞரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

குறுஞ்செய்தி என்பதாலேயே நீதிமன்றம் அதைத் தள்ளிவிடும் என்ற அச்சம் வேண்டாம். மின்னணு வடிவில் இருப்பதை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு சான்றை ஒதுக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபையின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1996-இலேயே தன் மாதிரிச் சட்டத்தில் எழுதிவிட்டது. பல நாடுகளின் சட்டங்கள் அதைத் தழுவியவை. இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்த்த ஒரு கட்டட இடிப்பு வழக்கு உங்கள் நிலைக்கு மிக நெருக்கமானது. 2,48,000 பவுண்டு வேலை அது. வேலை எனக்குத்தானா என்று ஒப்பந்தக்காரர் வாட்ஸ்அப்பில் கேட்டார். ஆம் என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. சில நாள் கழித்து மறுதரப்பு தன் விதிமுறைகள் அடங்கிய முறையான ஆவணத்தை அனுப்பியும், ஒப்பந்தம் வாட்ஸ்அப் உரையாடலிலேயே ஏற்பட்டுவிட்டது என்று நீதிமன்றம் கருதியது.

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாண வழக்கு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆளிவிதை வாங்கும் நிறுவனம், தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் படமெடுத்து, உறுதிப்படுத்துமாறு கேட்டு 2021-இல் ஒரு விவசாயிக்கு அனுப்பியது. அவர் கட்டைவிரலை உயர்த்திய குறியை மட்டும் பதிலாக அனுப்பினார். விதை வந்து சேரவில்லை, விலையோ ஏறிவிட்டது. ஒப்பந்தம் கிடைத்ததைத் தெரிவிக்கவே அந்தக் குறியை அனுப்பினேன் என்று அவர் வாதாடினார். ஆனால் முந்தைய ஒப்பந்தங்களிலும் இதே போலப் படம் வந்திருந்தது, அவரும் சரி என்பது போன்ற ஓரிரு சொற்களில் பதில் அனுப்பியிருந்தார், விதையும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பழக்கத்தை வைத்தே குறியின் பொருளைத் தீர்மானித்த நீதிமன்றம், 2023-இல் 82,000 கனடிய டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஆகவே தகராறுக்குரிய செய்திகளோடு நிறுத்தாமல், அதே தரப்போடு முன்பு செய்த வேலைகளின் உரையாடல்களையும் தேடி எடுங்கள். அவர்கள் எப்படிச் சம்மதம் சொல்வார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

நான் பார்த்த வரையில், செய்தியை அனுப்பியவர் யார் என்ற கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட்டின் மேற்பகுதியில் தெரியும் பெயர், உங்கள் தொடர்புப் பட்டியலில் நீங்களே பதிந்த பெயர். யாருடைய எண்ணுக்கும் யாருடைய பெயரையும் வைக்கலாம் என்று குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வியில் அதை அசைத்துவிடுவார்கள். எண் தெரிய வேண்டும், தேதியும் நேரமும் தெரிய வேண்டும், அந்த எண் அவர்களுடையது என்பதற்கு விலைப்பட்டியலோ மின்னஞ்சலின் அடியில் உள்ள முகவரியோ துணை நிற்க வேண்டும். இவற்றைவிட வலுவானது, செய்திக்குப் பின் நடந்த செயல். நாளை முன்பணம் அனுப்புகிறேன் என்ற செய்திக்கு மறுநாள் அதே தொகை உங்கள் வங்கிக் கணக்கில் வரவாகியிருந்தால், அந்தச் செய்தியை வேறு யாரோ அனுப்பினார்கள் என்று சொல்வது மிகக் கடினம். அதனால்தான் ஒவ்வொரு முக்கியச் செய்தியின் பக்கத்திலும் அதையொட்டிய வங்கி வரவையோ சரக்கு ரசீதையோ வைத்துத் தேதிவாரியாக அடுக்கித் தரச் சொல்வேன்.

கைப்பேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். செய்திகள் தானாக அழியும் அமைப்பு இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு, எதிர்த்தரப்புக்குக் கிடைக்கக் கூடாது என்ற நோக்கத்தோடு செய்திகளை அழித்தால், அவை அழித்தவருக்குப் பாதகமானவை என்று கருதிக்கொள்ள அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 37 நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. மிகக் கடுமையான நிலையில் வழக்கையே தள்ளுபடி செய்யலாம். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழும் கேட்கிறது. அதில் பதிவின் ஹாஷ் மதிப்பையும், அதாவது பதிவில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீட்டையும், குறிக்க வேண்டும். அசல் கைப்பேசி கையில் இல்லாதவர் இத்தகைய இடங்களில் மிகவும் திணறுவார்.

ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாதீர்கள். முழு உரையாடலையும் செயலியிலிருந்து கோப்பாக ஏற்றுமதி (export) செய்து, குரல் பதிவுகளையும் படங்களையும் சேர்த்து வையுங்கள். சம்மதம் சொன்ன வரிக்கு மேலே, முறையான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தும் என்று அவர்கள் எழுதியிருந்தால், கீழே உள்ள சம்மதத்தின் பொருளே மாறிவிடும். ஏற்கெனவே எழுத்து ஒப்பந்தம் ஒன்று இருந்து, திருத்தங்கள் கையெழுத்திட்ட எழுத்தில்தான் செல்லும் என்று அதில் இருந்தாலும் கவனம் தேவை. அத்தகைய விதி செல்லும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் கூடுதல் வேலைக்கான தொகை இந்த இடத்தில் சிக்கக்கூடும்.

உங்களுக்குப் பாதகமாகத் தோன்றும் செய்திகளையும் முதல் சந்திப்பிலேயே வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வேலை தாமதமானதற்கு நீங்கள் வருத்தம் தெரிவித்த செய்தி எதிர்த்தரப்பின் கைப்பேசியிலும் இருக்கிறது. அது முன்கூட்டியே தெரிந்தால்தான், தாமதத்துக்கான காரணத்தை மனுவிலேயே விளக்கி, கோரும் தொகையையும் அதற்கேற்ப அவரால் அமைக்க முடியும்.