முகம் வரவில்லையா? மூக்குக்கண்ணாடியை வரையுங்கள்

கேள்வி: அம்மாவின் பிறந்தநாளுக்கு என் கையால் ஏதாவது செய்து கொடுக்க ஆசை. அவர் முகத்தை வாட்டர்கலரில் வரைந்து வாழ்த்து அட்டை செய்தேன். தாள் அலை அலையாக நெளிந்துவிட்டது. முகமும் யாரோ மாதிரி இருக்கிறது. ஒரு காபி கப்பில் அக்ரிலிக் பெயின்ட்டால் அவர் பெயரை எழுதினேன். இரண்டாவது முறை கழுவும்போதே உரிந்துவிட்டது. இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. பேசாமல் கடையில் வாங்கிவிடட்டுமா?
– ஒரு வாசகி

பதில்: பத்து நாள் தாராளம். கடைக்குப் போங்கள், ஆனால் பரிசு வாங்க அல்ல, தாள் வாங்க. பிரிண்டரில் போடும் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). அது தண்ணீரைத் தாங்காது. வாட்டர்கலருக்கென்று விற்கும் 300 ஜிஎஸ்எம் தாளை வாங்கி, நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டு வரையுங்கள். காய்ந்த பிறகு டேப்பை மெதுவாக உரித்தால் சுற்றிலும் வெள்ளை பார்டர் கிடைக்கும். பாதி அழகு அதிலேயே வந்துவிடும்.

அடுத்து முகம். அதை விட்டுவிடுங்கள். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் ஆள் மாறிவிடுவார். நான் ஒருமுறை தம்பியை வரைந்து கொடுத்து, "இது யாரு?" என்று அவனே கேட்ட அவமானம் எனக்கு உண்டு. அம்மாவை அடையாளம் காட்ட முகம்தான் வேண்டுமா என்ன? அவர் தினமும் தொடும் பொருள் ஒன்றை எடுங்கள். காது பிடி உடைந்து நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த செருப்பு. எதற்கென்றே தெரியாத நாலு சாவியோடு தொங்கும் சாவிக்கொத்து. அந்த நூலின் நிறம் மாறாமல் வரைந்தால் போதும், பார்த்ததும் சிரித்துவிடுவார். நேரே பார்த்து வரைய வரவில்லையா? போட்டோவை அதே அளவில் பிரிண்ட் எடுத்து, பின்பக்கம் பென்சிலைத் தேய்த்து, தாள்மேல் வைத்து, கோடுகளின் மேல் அழுத்தி வரைந்து பிரதி எடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிறம் பூசும்போது ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. காய்ந்ததா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்க்காதீர்கள், கறை படியும். புறங்கையை லேசாக வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறும். அதனால் நினைத்ததைவிட ஒரு படி அழுத்தமாகவே பூசுங்கள்.

மடித்த அட்டையில் நேரடியாக வரைய வேண்டாம். சின்னத் தாளில் தனியாக வரைந்து அட்டையில் ஒட்டுங்கள். கெட்டால் சின்னத் தாள் மட்டும்தான் போகும். அட்டையை மடிக்கும் முன், மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்தினால் மடிப்பு பிசிறில்லாமல் விழும்.

எழுத்துக்குப் பிரஷ் வேண்டாம். ண, ழ எல்லாம் சுழியில் பெயின்ட் நிரம்பி ஒரே பொட்டாகிவிடும். தண்ணீரில் கரையாத மைப் பேனா போதும். 'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' சண்டைக்குள் போக விருப்பமில்லை என்றால் 'வாழ்த்து' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான்.

அப்புறம் அந்தக் கப். வழவழப்பான பீங்கானில் சாதாரண அக்ரிலிக் பிடிக்காது. பீங்கானுக்கென்றே பெயின்ட் இருக்கிறது. ஒரு நாள் காயவிட்டு, இன்னும் சூடாக்காத ஓவனில் (கேக் சுடும் அடுப்பில்) வைத்துச் சூடேற்ற வேண்டும். பெரும்பாலும் 150 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் போல இருக்கும்; டப்பாவில் போட்டிருக்கும் அளவே கணக்கு. சூடாக இருக்கும்போது வெளியே எடுத்தால் கப் விரிசல் விடலாம், உள்ளேயே ஆறட்டும். வாய் வைக்கும் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குப் பெயின்ட் படக்கூடாது. ஓவன் இல்லையென்றால் கப்பை மறந்துவிட்டு அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அக்ரிலிக்கில் வேறு ஏதாவது வரைந்திருந்தால் பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள். காய்ந்த பிறகும் அது ஒட்டிக்கொள்ளும். நடுவே, கேக் சுடும்போது அடியில் போடும் பார்ச்மென்ட் தாள் ஒன்றை வைத்துச் சுற்றுங்கள்.