கேள்வி பதில்: திங்கள் இலவசம், ஞாயிறு காசு

கே: மல்யுத்த நிகழ்ச்சிகளில் எல்லாமே முன்கூட்டிப் பேசி வைத்ததுதானே? அப்புறம் 1997-ல் மாண்ட்ரியலில் பிரெட் ஹார்ட் ஏமாற்றப்பட்டார் என்று ஏன் புலம்புகிறார்கள்?

ப: பேசி வைத்த ஆட்டம் என்பதால்தான் புலம்பல். யார் ஜெயிப்பது என்று முடிவாகிவிட்ட இடத்தில், கொடுத்த வாக்கைத் தவிர வீரருக்கு வேறு பாதுகாப்பு கிடையாது. பிரெட் அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) என்ற மல்யுத்த நிறுவனத்தின் சாம்பியன், எதிர் முகாமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சொந்த நாடான கனடாவில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்றார். முதலாளி வின்ஸ் மெக்மேனும் சரி என்று தலையாட்டினார். நவம்பர் 9, மாண்ட்ரியலில் 'சர்வைவர் சீரிஸ்' நிகழ்ச்சி. பிரெட்டின் சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரை மைக்கேல்ஸ் அவருக்கே போட, அவர் சரணடையாமலேயே, தோற்றுவிட்டதாக மணியை அடிக்கச் சொல்லிவிட்டார் மெக்மேன். பிரெட் அவர் முகத்தில் துப்பினாரே, அது பேசி வைத்ததல்ல! மெக்மேன் லேசுப்பட்டவரா? மக்கள் வெறுப்பையே மூலதனமாக்கி, திரையில் கொடுமைக்கார முதலாளியாக வந்து, தன் நட்சத்திர வீரர் ஸ்டீவ் ஆஸ்டினிடம் அடி வாங்கி வாங்கியே கல்லா கட்டினார்.

கே: வாராவாரம் திங்களன்று சும்மா காட்டிவிட்டு, மாதம் ஒரு ஞாயிறு மட்டும் காசு கேட்டால் யார் கொடுப்பார்கள்?

ப: கொடுத்தார்களே, லட்சக்கணக்கில்! திங்கள் நிகழ்ச்சியின் வேலை பகையை மூட்டுவது, தீர்ப்பதல்ல. இருவரும் மோதப் போகும் நேரம் பார்த்து நாலு பேர் உள்ளே புகுந்து கலைப்பார்கள், நிகழ்ச்சியும் முடிந்துவிடும். முடிவு தெரிய வேண்டுமென்றால் ஞாயிறு வரும் பே-பர்-வியூவுக்கு, அதாவது காசு கட்டினால் மட்டும் தெரியும் ஒளிபரப்புக்கு, பணம் கட்ட வேண்டும். 1995 மே மாதம் 'இன் யுவர் ஹவுஸ்' என்ற ஞாயிறு நிகழ்ச்சியை டபிள்யூ.டபிள்யூ.எஃப். தொடங்கியபோது கட்டணம் 14.95 டாலர்; ரெஸில்மேனியா மாதிரி பெரிய நிகழ்ச்சிகளுக்கு இன்னும் அதிகம்.

இந்தக் கணக்கைக் கெடுத்தது ரேட்டிங் வெறி. அந்தப் பக்கம் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் 'ரா', இந்தப் பக்கம் டபிள்யூ.சி.டபிள்யூ.வின் 'நைட்ரோ', இரண்டும் ஒரே திங்கள் இரவில். 1998 ஜூலை 6, அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் சுமார் 40,000 பேர் முன்னால் டபிள்யூ.சி.டபிள்யூ. வீரர் கோல்ட்பர்க், சாம்பியன் ஹல்க் ஹோகனை வீழ்த்திப் பட்டத்தைப் பிடித்தார், அதுவும் இலவச 'நைட்ரோ'வில். அந்த வாரம் ரேட்டிங்கில் ஜெயித்தார்கள், வாஸ்தவம். ஆனால் மாதக்கணக்கில் ஆசை காட்டி விற்க வேண்டிய ஆட்டத்தை ஒரு வாரப் பெருமைக்காக இறைத்தது, என்னைக் கேட்டால், சுத்த முட்டாள்தனம். அக்டோபரில் இன்னும் மோசம். டபிள்யூ.சி.டபிள்யூ.வின் பே-பர்-வியூ 'ஹாலோவீன் ஹேவாக்' ஒதுக்கிய நேரத்தைத் தாண்டி இழுத்ததால், கோல்ட்பர்க்கும் டைமண்ட் டல்லாஸ் பேஜும் மோதிய முக்கிய ஆட்டம் முடிவதற்குள் பல வீடுகளில் ஒளிபரப்பு நின்றுபோனது. மறுநாள் அதையே 'நைட்ரோ'வில் இலவசமாகப் போட்டார்கள். காசு கட்டியவர் வயிறு எரியாதா?

கே: குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் வந்ததால்தான் டபிள்யூ.டபிள்யூ.எஃப். பிழைத்ததா?

ப: கூட்டத்தைக் கூட்டியது டைசன், உட்கார வைத்தது ஆஸ்டின். டைசன் வந்த பாஸ்டன் ரெஸில்மேனியா முடிந்த இரண்டே வாரத்தில், 1998 ஏப்ரல் 13 அன்று, ஏறக்குறைய இரண்டு வருடத்துக்குப் பிறகு ரேட்டிங்கில் 'நைட்ரோ'வை 'ரா' முந்தியது.

கே: டபிள்யூ.சி.டபிள்யூ. எந்த நாளில் விழுந்தது?

ப: ஒரே நாளில் யாரும் விழுவதில்லை. ஆனால் 1999 ஜனவரி 4-ஐ ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். அன்றைய 'ரா' முன்பே பதிவானது. அதில் மேன்கைண்ட் என்ற வீரர் பட்டம் வெல்கிறார் என்று 'நைட்ரோ' வர்ணனையாளர் டோனி ஷியாவோனே நேரலையில் நக்கலாகப் போட்டு உடைத்தார். நினைத்தது நடக்கவில்லை, அதைப் பார்க்கவே லட்சக்கணக்கானோர் சேனலை மாற்றினார்கள். மாறாமல் இருந்த விசுவாசிகளுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ஹோகன் ஒற்றை விரலால் அப்போதைய டபிள்யூ.சி.டபிள்யூ. சாம்பியன் கெவின் நாஷின் நெஞ்சில் குத்த, அவர் பொத்தென்று மல்லாந்து பட்டத்தைத் தாரை வார்த்தார். 2001 மார்ச்சில் அந்த நிறுவனத்தையே மெக்மேன் விலைக்கு வாங்கிவிட்டார்.