மரத்துக்கு வயது சொல்லும் புதைபடிவம்

கேள்வி: டி.என்.ஏ. தரவிலிருந்து, உயிரினங்களின் உறவைக் காட்டும் பரிணாம மரம் வரையத் தெரியும். கிளைகள் பிரிந்த காலத்தைப் புதைபடிவங்களைக் கொண்டு கணிக்கப் பழகுவது எப்படி?

பதில்: கணினியைத் திறக்கும் முன் புதைபடிவத்தை விசாரியுங்கள். அருங்காட்சியகப் பதிவு எண், எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று காட்டும் உடற்கூற்றுப் பண்பு, கிடைத்த பாறை அடுக்கு, அந்த அடுக்கின் வயதுக்கான ஆதாரம் ஆகிய நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

புதைபடிவம் தருவது கீழ் எல்லை, அதாவது கிளை பிரிந்ததற்கான குறைந்தபட்ச வயது மட்டுமே. சுமார் 15 கோடி ஆண்டு பழைய ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவையின் புதைபடிவம், பறவைகளின் வழி முதலைகளின் வழியிலிருந்து அதற்கு முன்பே பிரிந்துவிட்டது என்கிறது. எவ்வளவு முன்பு என்று சொல்லாது. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இன்றுள்ள பறவைகளின் பொது மூதாதைக்கு வெளியே, அடிக்கிளையில் நிற்கும் அதை உள்ளே வைத்துவிட்டால், இன்றைய பறவைகள் பிரிந்த காலமெல்லாம் தாறுமாறாகப் பின்னே, மிகப் பழைய காலத்துக்குப் போய்விடும்.

பீஸ்ட் (BEAST), ரெவ்பேய்ஸ் (RevBayes) போன்ற, பிரிந்த காலத்தைக் கணிக்கும் மென்பொருளில் முதலில் டி.என்.ஏ. தரவு இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் கொடுத்த கால எல்லைகள் ஒன்றோடொன்று மோதி வேறு வடிவம் எடுத்திருப்பது அப்போதுதான் தெரியும். பிறகு தரவோடு, வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து இரண்டு முறையாவது ஓட்டுங்கள். பயனுறு மாதிரி அளவு (ESS: ஓட்டத்தில் கிடைத்த மாதிரிகளில் ஒன்றையொன்று சாராதவை எத்தனைக்குச் சமம் என்ற கணக்கு) 200-க்குக் கீழே இருந்தால் ஓட்டத்தை நீட்டுங்கள்.

இனங்கள் அழிந்த வேகத்தை உயிருள்ளவற்றின் மரத்திலிருந்து மட்டும் கணிக்க முயலாதீர்கள். இனங்கள் தோன்றிய, அழிந்த வேகம் காலப்போக்கில் எப்படி மாறியது என்பதற்கான எண்ணற்ற வரலாறுகள் ஒரே மரத்துக்குச் சமமாகப் பொருந்தும் என்பது 2020-இல் கணித முறையில் நிறுவப்பட்டது. அழிந்த இனங்களையும் மரத்திலேயே சேர்க்கும் புதைபடிவப் பிறப்பு-இறப்பு மாதிரியை (fossilized birth-death model: இனங்கள் தோன்றுவது, அழிவது, புதைபடிவமாவது மூன்றையும் ஒன்றாகக் கணக்கிடும் கணித மாதிரி) அவசியம் கற்றுக்கொள்ளுங்கள்.