துருவுக்கு மேல தகடு வைக்காதீங்க தம்பி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க மாமா வச்சிருந்த 1973 டிரையம்ஃப் டிஆர்6 பழைய கார் இப்ப என் கைக்கு வந்திருக்கு. பாடி நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒர்க்‌ஷாப்ல தூக்கிப் பாத்தப்ப பின்னாடி சேசிஸ்ல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல, ஸ்க்ரூடிரைவர் அப்படியே உள்ள போயிடுச்சு. மேல ஒரு தகடு வச்சு வெல்டிங் அடிச்சு அண்டர்கோட் பூசிட்டா இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆயிடும்ங்கிறாங்க. செய்யலாமா? - ஈசூன் வாசகர்

பதில்: வேணாம் தம்பி, தயவுசெஞ்சு வேணாம். டிஆர்6-ல பின் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்குற டிரெயிலிங் ஆர்ம் மாட்டுற இடம் சரியா அங்கதான் இருக்கு. அது பிஐஇ விரைவுச்சாலையில போறப்ப விட்டுச்சுன்னா பின் சக்கரம் அது இஷ்டத்துக்குத் திரும்பும், ஸ்டியரிங் உங்க கையில இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அந்த சேசிஸ் பெட்டி மாதிரி மூடின இரும்பு. சேறும் தண்ணியும் உள்ள போனா காய வழியே கிடையாது, அதனால உள்ள இருந்துதான் தின்னுக்கிட்டு வரும், வெளியில ஓட்டை தெரியுதுன்னா புரையோடி ரொம்ப நாளாச்சுன்னு அர்த்தம். முன்பக்கம் பாருங்க, அனேகமா நல்லா இருக்கும், எஞ்சின்ல இருந்து ஒழுகுற ஆயில் அம்பது வருஷமா அதுக்கு எண்ணெய்க் காப்பு போட்ட மாதிரி. பின்பக்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. இப்ப அந்த அழுகின இரும்பு மேல தகடு வச்சா ரெண்டுக்கும் நடுவுல தண்ணி தங்க நாமளே இன்னொரு பை தச்சுக் கொடுக்குறோம், அதுவும் போக மெலிஞ்ச இரும்புல வெல்டிங் நிக்காது, ஒட்டு நின்னாலும் ஒட்டுக்குப் பக்கத்துல கிழியும்.

முதல்ல ஒரு சின்ன சுத்தியல் எடுத்துக்கிட்டு சேசிஸ் முழுக்க முன்னால இருந்து பின்னால தட்டிக்கிட்டே வாங்க. நல்ல இரும்பு 'டிங்'குனு சொல்லும், கெட்ட இடத்துல 'தொப்'புனு செத்த சத்தம் வரும், உள்ள செதில் செதிலா உதிர்றது காதுல விழும். அந்த இடத்தை எல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. வட்டம் நாலுன்னு நெனச்சு ஆரம்பிப்பீங்க, பன்னெண்டுல முடியும், மனசு விட்டுடாதீங்க.

அடுத்தது பாடியைக் கழட்டணும். தூக்குறதுக்கு முன்னாடி ரெண்டு கதவு வாசல்லயும் குறுக்க ஒரு சதுர பைப் வச்சு வெல்டு பண்ணிடுங்க, இது கூரை இல்லாத கார், முட்டு இல்லாம தூக்கினா நடுவுல மடங்கும்.

அப்புறம் அளவு. இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா நானே பட்டிருக்கேன். பல வருஷம் முன்னாடி எம்ஜிபி-ங்கிற இன்னொரு பழைய கார்ல வேலை பாத்தேன், அதுக்குத் தனி சேசிஸே கிடையாது, கதவுக்குக் கீழ ஓடுற சில்தான் முதுகெலும்பு. அவசரத்துல ரெண்டு பக்க சில்லையும் ஒரே நாள்ல வெட்டிட்டேன். மறுநாள் கதவு மூட மாட்டேங்குது, பாடி 5 மில்லிமீட்டர் இறங்கியிருக்கு, புதுசா போட்ட சில்லை மறுபடி வெட்டித்தான் எடுத்தேன். அதனால சேசிஸை மட்டமான தரையில ஸ்டாண்டு மேல நிறுத்தி, சஸ்பென்ஷன் மாட்டுற ஒவ்வொரு புள்ளியில இருந்தும் கொத்தனார் தூக்குக்குண்டு விட்டு தரையில குறி போட்டு, பெருக்கல் குறி மாதிரி குறுக்க அளந்து எழுதி வச்சுக்கோங்க. ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கம் வெட்டி, போட்டு, திரும்ப அளந்து, அதுக்கப்புறம்தான் மறுபக்கம்.

வெட்டுறப்ப பளபளன்னு நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டுங்க, பழைய கனத்துலயே புதுத் தகடு வெட்டி விளிம்போட விளிம்பு சேத்து மிக் வெல்டிங் போடச் சொல்லுங்க. ஒரே இழுப்பா போடாம இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு மாத்தி மாத்திப் போடணும், இல்லன்னா சூட்டுல சேசிஸ் முறுக்கிக்கும். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப் எல்லாத்தையும் முதல்ல கழட்டி தூரமா வச்சுடுங்க. வீவக கார்பார்க்ல இந்த வேலைய நினைச்சே பாக்காதீங்க, காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் பழைய வண்டி பாக்குறவங்க கிட்ட போங்க, முன்ன செஞ்ச சேசிஸ் ஒண்ணைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. ஒருவேளை முழு சேசிஸையே மாத்துற நெலமை வந்தா, காசு கட்டுறதுக்கு முன்னாடி எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) கிட்ட கேட்டு பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க.

நம்ம சிங்கப்பூர் காத்துல ஈரம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல. துருவை எடுக்க மணல் அடிச்சு வெள்ளையா நிக்கிற இரும்பு ராத்திரி தாண்டினா செம்மஞ்சளா பூத்துடும், அதனால காலையில அடிச்சா அன்னைக்கே எபாக்சி பிரைமர்ங்கிற அடிப்பூச்சு பூசிடணும். பெட்டிக்குள்ள பெயிண்ட் போகாது, அதுக்கு நீளமான குழாய் விட்டு கேவிட்டி வேக்ஸ், அதாவது உள்பக்கத்துக்கான மெழுகு, அடிக்கணும். அடிச்சதுக்கப்புறம் அடியில இருக்குற தண்ணி வடியுற ஓட்டை அடைச்சிருக்கான்னு ஒரு கம்பி விட்டுப் பாருங்க.

கேள்வி: வெட்டாம ரஸ்ட் கன்வெர்ட்டர் மட்டும் அடிச்சா போதுமா? - தெம்பனிஸ் வாசகி

பதில்: மேலாகப் படிஞ்ச துருவுக்குப் போதும்மா. அதுல இருக்குற பாஸ்போரிக் அமிலமோ டானிக் அமிலமோ துருவைக் கருப்பா ஒரு படலமா மாத்தும், அவ்ளோதான், தின்னுபோன இரும்பைத் திருப்பித் தராது. செதில் உரியுற இடத்துல அடிக்கிறது வீண் செலவு.

கேள்வி: பழைய கார்களுக்கான எல்டிஏ-வோட கிளாசிக் திட்டத்துல வருஷத்துக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும். இவ்ளோ கம்மியா ஓடுற வண்டிக்கும் துரு பிடிக்குமா? - பொங்கோல் வாசகர்

பதில்: பிடிக்கும், ஓடுற வண்டியை விட மோசமாவே பிடிக்கலாம். மிச்ச 320 நாள் காத்தோட்டம் இல்லாத பேஸ்மெண்ட்ல பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடி வச்சா அடியில வேர்க்கும். துணிக் கவரா போடுங்க, காலடி மேட்டை எடுத்து தனியா வைங்க, மழையில நனைஞ்சு வந்தா அன்னைக்கே ஃபேன் போட்டு காய வச்சுட்டுத்தான் மூடணும்.